ஏர்ஃபிக்ஸ் டிஃபயன்ட் 1/72: இருபத்தெட்டு வருஷம் கழிச்சு ஒரு கிட்

ஏர்ஃபிக்ஸ்ங்கற பிரிட்டிஷ் கம்பெனியோட டிஃபயன்ட், ரெண்டாம் உலக யுத்த காலத்து ஃபைட்டர் விமானத்தோட பிளாஸ்டிக் மாடல், நிஜ சைஸ்ல 72ல ஒரு பங்கு, பார்ட் பார்ட்டா வரும், நாமதான் ஒட்டணும். மொதல்லயே சொல்லிடறேன், இது எக்ஸ்பர்ட் ரிவ்யூ இல்ல. கடைசியா நான் ஒரு பிளாஸ்டிக் கிட் ஒட்டினது பத்தாவது பரீட்சை லீவுல, தூத்துக்குடில எங்க வீட்டுத் திண்ணைல. மாமா கப்பல்ல வேலை பாத்தாரு, ஊருக்கு வரும்போதெல்லாம் சோப்பு சென்ட்டு டார்ச் லைட்டோட எனக்குன்னு ஒரு விமானப் பெட்டியும் பெட்டிக்குள்ள இருக்கும். பார்ட்டை கையாலயே திருகி எடுத்து, பெட்டிக்கடைல விக்கிற சூப்பர் க்ளூவ அப்பி, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிருவேன். பெயின்ட்டுலாம் கிடையாது. நூல் கட்டி உத்தரத்துல தொங்க விட்டா வேலை முடிஞ்சுது, அப்புறம் ஃபேன் காத்துக்கு ஆடி ஆடி ஒரு நாள் கீழ விழும். ப்ளஸ் ஒன் வந்ததும் எல்லாம் போச்சு.

ஏன் திரும்ப ஆரம்பிச்சன்னு கேட்டா பெரிய காரணம்லாம் இல்ல, ராத்திரி தூக்கம் வரல, போன் நோண்டறது அலுத்துப்போச்சு.

இப்படி திரும்ப வர்ற எல்லாரும் பண்ற தப்பை நானும் பண்ண இருந்தேன். சின்ன வயசுல வாங்க முடியாதத இப்ப வாங்கணும்னு ஒரு வெறி வரும் பாருங்க, 1/32 சைஸ்ல பெருசா ஒண்ணு கார்ட்ல போட்டு வச்சிருந்தேன், விலை பதினாலாயிரம். நல்லவேளை ரெண்டு நாள் யோசிச்சேன். அதெல்லாம் வாங்கினா பெட்டிய தொறந்து பாத்துட்டு பயந்து பீரோ மேல வைக்கத்தான் போறோம். அதனால 1,350 ரூபாக்கு இந்த சின்ன டிஃபயன்ட். வரும்போது பெட்டி ஒரு பக்கம் நசுங்கி வந்துச்சு, அது கூரியர் புண்ணியம், உள்ள பார்ட்டுக்கு ஒண்ணும் ஆகல. இதுல ஒரு காமெடி என்னன்னா கொஞ்ச வருஷம் ஏர்ஃபிக்ஸ் கிட் நிறைய இந்தியாலதான் அச்சடிச்சாங்க, பெட்டியிலயே மேட் இன் இந்தியான்னு இருக்கும், நாமதான் அத வெளிநாட்டு சாமான் மாதிரி விலை குடுத்து வாங்கிட்டு இருந்தோம்.

கம்பெனி பத்தி ரெண்டு வரி. 1939ல லண்டன்ல காத்தடைச்ச பொம்மை விக்க ஆரம்பிச்ச கம்பெனி, பேர்ல ஏர் இருக்கறது விமானத்துக்காக இல்ல. 1949ல ஃபெர்குசன் டிராக்டர் விக்கறவங்களுக்காக ஒரு குட்டி டிராக்டர் பண்ணிக் குடுத்தாங்க, அதுதான் கிட் பக்கம் வந்த வழி. 2006ல கடன்ல விழுந்து, பொம்மை ரயில் பண்ற ஹார்ன்பி கம்பெனி வாங்கிட்டாங்க. நான் வாங்கினது அதுக்கப்புறம் புது அச்சுல வந்த டிஃபயன்ட். மாமா கொண்டுவந்த பழைய ஏர்ஃபிக்ஸ்ல ரெக்கை முழுக்க உளுத்தம்பருப்பு ஒட்டின மாதிரி ரிவெட்டா இருக்கும், இதுல அப்படி இல்ல, கோடெல்லாம் உள்ள இறங்கி ஒழுங்கா இருக்கு.

சரி ஏன் டிஃபயன்ட், ஸ்பிட்ஃபயர் மாதிரி பேர் போன விமானம் இருக்கும்போது இத யாரு வாங்குவான்னு கேப்பீங்க. பெட்டில பி.எஸ்.னு பெரிய எழுத்து போட்ட விமானம் இருந்துச்சு, அது பிரிட்டிஷ் விமானப்படைல எந்த ஸ்குவாட்ரன், அதாவது எந்தப் படைப்பிரிவுன்னு தேடிப் பாத்தா 264, அதோட முழுப் பேரு 264 மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்! நம்ம மெட்ராஸ்தான். யுத்த சமயத்துல சென்னை மாகாணத்துல இருந்து போன யுத்த நிதிக்கு நன்றியா அந்தப் பேரை வச்சிருக்காங்க, 79, 234னு இன்னும் ரெண்டு ஸ்குவாட்ரனுக்கும் இதே பேரு. இத படிச்சதும் கார்ட்ல இருந்த பெரிய பெட்டிய தூக்கிட்டேன். மெட்ராஸ் பேர்ல பறந்ததுன்னு தெரிஞ்சப்புறம் வேற எத வாங்கறது.

விமானமே ஒரு விசித்திரம். ஃபைட்டர்தான், ஆனா முன்னாடி சுடற துப்பாக்கி ஒண்ணுகூட கிடையாது, பைலட்டுக்குப் பின்னாடி ஒரு கண்ணாடிக் கூண்டு, அதுல ஒருத்தர், நாலு பிரௌனிங் துப்பாக்கி. 1940 மே 29, பிரான்ஸ் கடற்கரைல டன்கர்க் மேல ஜெர்மன்காரன் இத பின்னாடி சுட முடியாத ஹரிக்கேன் ஃபைட்டர்னு நினைச்சு பின்னாடி வந்து மாட்டினான், அன்னிக்கு ஒரே நாள்ல 37 விமானம் வீழ்த்தினதா 264 கணக்கு சொல்லுச்சு, உண்மைல அதவிட ரொம்பக் கம்மின்னு அப்புறம் தெரிஞ்சுது. ஏமாந்தவன் திரும்ப ஏமாறுவானா, முன்னாடியும் அடியிலயும் வந்து அடிக்க ஆரம்பிச்சான். பெட்டில இருக்கற அந்த பி.எஸ்-ஏ விமானத்த ஓட்டின ஸ்குவாட்ரன் லீடர் ஃபிலிப் ஹன்டர் ஆகஸ்ட் 24 அன்னிக்கு போனவர் திரும்பல, கூட கூண்டுல துப்பாக்கி பிடிச்ச கன்னர் கிங்கும். அப்புறம் இத ராத்திரி சண்டைக்கு மாத்திட்டாங்க. இதெல்லாம் தெரிஞ்சப்புறம் அந்தக் கூண்டுக்குள்ள குட்டி ஆள உக்கார வைக்கும்போது ஒரு மாதிரி ஆச்சு.

கட்டற வேலைக்கு வரேன். ரெக்கை முனைக்கு முனை பதினாறரை சென்டிமீட்டர் சொச்சம், உள்ளங்கைல வச்சா ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளிய நீட்டும். உடம்பு ரெண்டு பாதி, ரெக்கை, வால் எல்லாம் பசை போடாம சும்மா வச்சுப் பாத்தாலே கச்சிதமா உக்காருது. பசைக்கு டாமியா எக்ஸ்ட்ரா தின் வாங்கினேன், இதுக்காகவே ஒரு கோயில் கட்டலாம். மூடியிலயே பிரஷ் இருக்கு, ரெண்டு பார்ட்டையும் சேத்துப் பிடிச்சு இடுக்குல லேசா தொட்டா தானா உள்ள ஓடிருது, பிளாஸ்டிக்க கரைச்சு ஒண்ணாக்கிருது. சின்ன வயசுல இது தெரியாம போச்சே. ஆனா ஜன்னலத் தொறந்து வச்சுக்கோங்க, நெடி இருக்கு. அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தவ வாசல்லயே மூக்கப் பொத்திக்கிட்டு, "ஏல, இன்னும் இந்த நாத்தத்த விடலயா நீ"ன்னுதான் உள்ள வந்தா.

கஷ்டம் எங்கன்னா அந்தக் கூண்டு. கிட்டோட தப்பு இல்ல, என் கண்ணு. நாப்பத்தி நாலு வயசுல கிட்டப் பாக்கற கண்ணாடி போட்டும், கடுகு சைஸ் பார்ட்டை ட்வீசர்ல பிடிச்சு கண்ணாடிக் கூண்டுக்குள்ள விடறதுக்குள்ள வேர்த்துருது. ஃபேனும் போட முடியாது, போட்டா பார்ட் பறக்கும். வால் சக்கரம் ஒண்ணு ட்வீசர்ல இருந்து துள்ளி எங்கயோ போச்சு, எங்க வீடு மொசைக் தரை, சாம்பல் கலர் பார்ட் சாம்பல் புள்ளி தரைல விழுந்தா கடவுளுக்கும் தெரியாது. மறுநாள் வீட்டு வேலைக்கு வர்ற அக்கா பெருக்கினதுல முறத்துல கெடந்துச்சு, "சார் இது உங்க சாமானா"ன்னு கேட்டாங்க, கால்ல விழாத குறை. கூண்ட தனியா செஞ்சு பெயின்ட் அடிச்சு கடைசில உள்ள இறக்கிக்கலாம், அதனால அவசரப்பட வேண்டாம். கண்ணாடி பார்ட்டுக்கு மட்டும் சூப்பர் க்ளூ பக்கமே போகாதீங்க, அதோட ஆவிக்கே கண்ணாடி வெள்ளையா பூத்துரும், சின்ன வயசுல நான் ஒட்டின விமானம் எல்லாத்துலயும் பைலட் மூடுபனிலதான் உக்காந்திருப்பான். நம்ம ஃபெவிகால் போதும், காஞ்சா நிறமே தெரியாது.

பெயின்ட்டு தனியா வாங்கணும், அத கணக்குல வச்சுக்கோங்க. மேல பச்சையும் மண் கலரும் கலந்த கமாஃப்ளாஜ். ஒரு ஆன்லைன் விற்பனையாளர்கிட்ட வாங்கினதுல ரெண்டு டப்பா உள்ள காஞ்சு கட்டியாகி வந்துச்சு, ஆட்டினா கூழாங்கல் சத்தம் கேக்குது, திருப்பி எடுத்துக்கவும் மாட்டேன்னுட்டாங்க. அப்புறம் நேர்ல போய் கடைல வாங்கினேன். ஏர்பிரஷ் கிடையாது, வெறும் பிரஷ்தான், நம்ம ஊர் வெயிலுக்கு அக்ரிலிக் பிரஷ்லயே காஞ்சிருது, கொஞ்சம் தண்ணி சேத்து மெல்லிசா மூணு நாலு தடவை அடிச்சாதான் கோடு விழாம வருது. நான் மொதல் ரெண்டு நாள் தடியா அடிச்சு, கார் பெயின்ட் கடைல ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பர் வாங்கி தேய்ச்சு, திரும்ப அடிச்சேன். பார்ட்ட வெட்டி எடுக்கற நிப்பர் இல்லாதவங்க நகவெட்டி வச்சே ஓட்டிரலாம், நான் அப்படித்தான் ஓட்டினேன்.

டெக்கல் பத்தி தனியா சொல்லணும், தண்ணில நனைச்சு விமானத்து மேல ஒட்டற எழுத்து, சின்னம். மாமா காலத்து டெக்கல் தண்ணில போட்டாலே தூள் தூளா போயிரும். இது சூப்பர், மெல்லிசு, நிறம் கோட்டுக்கு வெளிய வழியல. மொதல்ல பளபளா வார்னிஷ் ஒரு கோட் அடிச்சுட்டு ஒட்டுங்க, மேட் பெயின்ட் மேல நேரா ஒட்டினா அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி மின்னும். பி.எஸ்-ஏ எழுத்து ஒட்டும்போது கை நடுங்கினது வயசா, ஹன்டர் ஞாபகமான்னு தெரியல.

ஒரு மத்தியானத்துல முடிச்சவன் இப்ப ஒண்ணரை மாசம் எடுத்துக்கிட்டேன், ராத்திரி ஒரு மணி நேரம்னு. அந்த ஒரு மணி நேரம் போன் எங்க கெடக்குன்னே தெரியாது. என்னமாதிரி திரும்ப வர்றவங்களுக்கு கண்ண மூடிட்டு சொல்வேன், இத வாங்குங்க, பார்ட் கம்மி, விலை தாங்கும், கத சொல்லவும் ஒண்ணு இருக்கு. பத்து வயசுப் பிள்ளைக்கு மொத கிட்டா மட்டும் வேண்டாம், கூண்டுலயே வெறுத்துப் போகும், அதுக்கு பெயின்ட்டு பசையோட வர்ற ஸ்டார்ட்டர் செட் எடுத்துக் குடுங்க. என் மார்க் அஞ்சுக்கு நாலரை, அந்த அரை என் கண்ணுக்காக கழிச்சது.

முடிச்ச அன்னிக்கே பொண்ணு வந்து, "அப்பா இது சுத்துமா"ன்னு கேட்டுக்கிட்டே கூண்ட திருப்பினா, ஒரு துப்பாக்கிக் குழாய் டொக்குனு போச்சு. திட்டல. மிச்சம் இருந்த ஸ்ப்ரூ, அதாவது பார்ட்டெல்லாம் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டம், அதுல ஒரு துண்ட மெழுகுவத்தில காட்டி இழுத்தா நூல் மாதிரி வரும், அதுல ஒரு துண்டு வெட்டி கருப்பு அடிச்சு ஒட்டிட்டோம், வெட்டினது அவதான். இப்ப ஷெல்ஃப்ல நாலு குழாயோட நிக்குது, எது ஒரிஜினல் இல்லன்னு எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.