ஊனோவா, ஈஎஸ்பி32-ஆ?

மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்று செய்யப்போகிறீர்கள். மூளையாக எதைப் போடுவது? ஆர்டுயினோ ஊனோ, ஈஎஸ்பி32 இரண்டுமே நாம் நிரல் எழுதி ஓட்டும் சிறு கட்டுப்பாட்டுப் பலகைகள்.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இல் இருப்பது 8 பிட் சில்லு. 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 2 கிலோபைட் ரேம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மண்ணின் ஈரம் பார்த்து ரிலேயை (மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மின் சுவிட்சை) தட்டிவிட அதுவே தாராளம். 5 வோல்ட்டில் ஓடுவதால் பெரும்பாலான ரிலே பலகைகளை நேராக மாட்டலாம்.

ஈஎஸ்பி32-இல் இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ், 520 கிலோபைட் ரேம். வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே உண்டு. ஊருக்குப் போனாலும் செடியின் நிலையைக் கைப்பேசியில் பார்க்கலாம். ஆனால் பின்கள் 3.3 வோல்ட், 5 வோல்ட் சிக்னலை அப்படியே கொடுத்தால் சில்லு போய்விடலாம். அப்புறம் இன்னொரு வம்பு: சென்சாரின் அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி இதில் இரண்டு உண்டு; வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்களில் அனலாக் அளவு எடுக்க முடியாது. இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நல்ல சென்சாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். 32 முதல் 39 வரையுள்ள ஏடிசி1 பின்களில் மாட்டினால் தொல்லை இல்லை.

பேட்டரியில் ஓட்டுவதென்றால் ஆழ்துயில் (வேலை இல்லாதபோது மிகக் குறைந்த மின்சாரத்தில் தூங்கும்) வசதியுள்ள ஈஎஸ்பி32 முந்தும். முதன்முறையாக சர்க்யூட்டைத் தொடுபவர் என்றால், சரி, ஊனோவே வாங்குங்கள். என் மாடியில் இருப்பது ஈஎஸ்பி32.