300 ரூபாய் மஞ்சள் மீட்டரும் செல்ஃப் எடுக்காத மாருதி 800-உம்

டிடி-830டி என்ற பெயரில் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஊர் எலக்ட்ரிக்கல் கடை வரை தொங்குகிற மஞ்சள் மல்டிமீட்டர் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரே எண்ணைப் போட்டுப் பலர் செய்வதால் உள்ளிருக்கும் சரக்கு கடைக்குக் கடை மாறும். 1000 வோல்ட் என்று அச்சடித்திருப்பதை நம்பி வீட்டு மெயின் லைனில் வைக்க வேண்டாம். 12 வோல்ட் காருக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். அதிலும் கார்புரேட்டர் மாருதி 800 மாதிரியான வண்டிக்கு, வண்டிக் கம்ப்யூட்டரின் தகவலைப் போனில் காட்டும் ஓபிடி டாங்கிளை விட இது பல மடங்கு மேல். அந்த வண்டியில் டாங்கிளைச் செருக சாக்கெட்டே கிடையாது. 2010-க்கு முந்தைய எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சும்) வண்டிகள் பலவும் மலிவு டாங்கிளுக்குப் பதில் சொல்லாது.

மீட்டரின் குமிழை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து பேட்டரியை அளக்க வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜ் ஏறிய கையோடு இருக்கும் மேலோட்டமான வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள், அதற்கு மேல் எதைச் சோதித்தாலும் வீண். 12.6 காட்டுகிற பேட்டரியும் பாரம் ஏறியதும் படுத்துவிடலாம். அதனால் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் பிடிக்காமல் இருக்க இக்னிஷன் காயிலுக்கு வரும் சாவி வயரைக் கழற்றிவிட்டு, ஒருவர் ஐந்து விநாடி செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி மேல்தான் சந்தேகம். 11-க்கு மேல் நின்றும் செல்ஃப் முனகினால் பேட்டரி மாற்றுவது காசுக்குக் கேடு. குறை பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குக் கரண்ட் போகும் வழியிலோ செல்ஃபிலோ இருக்கிறது.

அந்த வழியைப் பிடிப்பதில்தான் இந்த மீட்டர் தன் விலையைச் சம்பாதிக்கிறது. பலரும் இங்கே குமிழை பஸருக்குத் திருப்பி எர்த் வயரின் (பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைப்பது) இரு முனையிலும் வைப்பார்கள். 'கீ' என்று கத்தும், வயர் நல்லது என்று விட்டுவிடுவார்கள். சில பத்து ஓம் இருந்தாலும் கத்துகிற பஸர் அது. செல்ஃப் இழுப்பது சுமார் 100 ஆம்பியர் என்று வையுங்கள். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் காணாமல் போகும். இந்த மீட்டரின் ஓம் அளவில் 0.01 தெரியவே தெரியாது. ஆகவே வோல்ட்டிலேயே வைத்து, செல்ஃப் அடிக்கும்போது அளக்க வேண்டும்.

ஒரு முள்ளை (மீட்டர் வயரின் கூர்முனை) பேட்டரியின் ஈயக் குமிழின் நடு உச்சியில் ஊன்றி, மற்றதை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வையுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனாலும் செல்ஃப் அடிக்கும்போது 0.1-க்கு மேல் காட்டினால் நடுவில் பூத்த உப்பு கரண்டை மறிக்கிறது. கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். அடுத்து மைனஸ் குமிழிலிருந்து இன்ஜினின் வெற்று உலோகத்துக்கு 0.2-க்குள், பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கு 0.5-க்குள் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் அதிகம் மாட்டுவது எர்த் பக்கம்தான். பின்னல் பட்டை துருவேறி நாலு இழையில் தொங்கும்.

இனி இதன் குறைகள். 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் இல்லை. சிவப்பு வயரை அதில் மறந்துவிட்டு பேட்டரியை அளந்தால் நேராக ஷார்ட்: முள் தீப்பொறி கக்கும், வயர் உருகும். இரவில் பேட்டரி வடிகிறதா என்று பார்க்க மைனஸ் வயருக்கு நடுவே மீட்டரைக் கோக்கும்போது சாவியைத் தொடவே கூடாது. 50 மில்லி ஆம்பியருக்குள் வந்தால் சரி. 200 மில்லி அளவில் வைத்துக் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிந்து, உள்ளே இருக்கும் சின்ன ஃபியூஸ் போய்விடும். 10 வாட் பல்பே 800 மில்லிக்கு மேல் இழுக்கும்.

எண் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும் என்பதால் செல்ஃப் அடித்த முதல் கணத்துப் பள்ளம் தெரியாது. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இளைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். கார் பேட்டரி ஓய்வில் 13.5 என்று வந்தால் அதிசயப்படாமல் மீட்டரின் பேட்டரியை மாற்றுங்கள்.

ஒற்றை இழையில் தொங்கும் வயரிலும் இது 12 வோல்ட் காட்டும். இதற்கு மருந்து, இண்டிகேட்டரின் 21 வாட் பல்பை ஹோல்டரோடு இரண்டு வயரில் கட்டிக்கொள்வது. சாவியை ஸ்டார்ட்டில் பிடிக்கும்போது செல்ஃபின் சின்ன டெர்மினலில் பல்பு பளிச்சென்று எரிந்தும் மோட்டார் சுற்றவில்லையா? மெயின் வயரும் எர்த்தும் தேறியிருந்தால் செல்ஃபைக் கழற்றலாம். மங்கினால் சாவி சுவிட்சையும் அதன் கப்ளரையும் பாருங்கள். மீட்டர் மட்டும் வைத்திருப்பவர் இந்த இடத்தில் தவறாக செல்ஃபை மாற்றுவார்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் மீட்டரின் வேலை பாதிதான். காயிலின் பிரைமரி ஒன்றிரண்டு ஓம்தான் இருக்கும், முள் இரண்டையும் சேர்த்து வரும் எண்ணைக் கழித்தால்தான் அர்த்தம். செகண்டரி பத்து கிலோ ஓம் ஒட்டி வரும். பிளக் வயரில் ஓடும் கரண்டை இதில் அளக்கவே கூடாது. அங்கே பல ஆயிரம் வோல்ட். முன்பு கழற்றிய காயில் வயரைத் திரும்ப மாட்டுங்கள். பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் இன்ஜின் உடம்பில் சாய்த்து, செல்ஃப் அடிக்கும்போது நீலப் பொறி வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். பிளக் நனைந்து வந்தால் சோக் அதிகம் இழுத்திருக்கிறது. காய்ந்து வந்தால் பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர், அதற்கு இந்த மீட்டரால் ஒன்றும் ஆகாது.

வாங்கும்போது கையில் ஒரு புது பென்சில் செல் கொண்டுபோங்கள். 1.5, 1.6 காட்ட வேண்டும். முள் இரண்டையும் சேர்த்தால் 200 ஓம் அளவில் ஒன்றுக்குள் வர வேண்டும், வயரை ஆட்டும்போது எண் துள்ளக் கூடாது. கூடவே இரண்டு முதலை கிளிப். வயர் குட்டை, பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு எட்டாது.