முதுகுல ப்ரொஜெக்டர், இடுப்புல ரேடியோ: எதை மாட்டலாம், எதை வீட்லயே விட்டுடலாம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல, தேக்கா பக்கம் நாங்க பதினஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு ராத்திரி நடை போவோம், அந்தக் காலத்து சிராங்கூன் ரோடு படங்களை சுவத்துல அடிச்சுக் காட்டிக்கிட்டே கதை சொல்றது. ஸ்பீக்கர் வச்சா மாடியில இருக்கறவங்க தூக்கம் கெடும், அதனால படம் ப்ரொஜெக்டர்ல, குரல் டிரான்ஸ்மிட்டர் வழியா அவங்கவங்க கையில இருக்கற ரேடியோவுக்கு, ப்ரொஜெக்டர், டிரான்ஸ்மிட்டர் ரெண்டும் என் உடம்புல. வாங்கினது, இரவல் வாங்கினது, பாழாக்கினதுன்னு ரெண்டு வருஷம் ஓடிடுச்சு, எது தேறும் எது தேறாதுன்னு இப்ப ஓரளவு தெரியுது. (சுவரு யாருதோ அவங்ககிட்ட முதல்லயே கேட்டுடுங்க, எச்டிபி பிளாக்னா, அதாவது அரசாங்க அடுக்குமாடின்னா டவுன் கவுன்சில்.)

ப்ரொஜெக்டர்ல வெறும் லூமன் (வெளிச்ச அளவு) நம்பரை நம்பாதீங்க. அம்பது வெள்ளிக்கு 9000 லூமன்னு ஆன்லைன்ல கூவுறானுங்களே, அதெல்லாம் கதை, ஆன்சி லூமன்னு, அதாவது தர முறைப்படி அளந்ததுன்னு போட்டிருந்தாத்தான் கணக்குல எடுத்துக்கணும். நான் தூக்கிப் பார்த்தது மூணு ரகம்: சோனி எம்பி-சிஎல்1 லேசர் குட்டி 32 லூமன், முதல்ல வந்த நெபுலா கேப்சூல் 100, கேப்சூல் 3 லேசர் 300. சோனி போன் சைஸுதான், லேசர் ஸ்கேன் பண்றதால ஃபோகஸே வைக்க வேண்டாம், சுவத்துக்குக் கிட்ட போனாலும் தள்ளிப் போனாலும் படம் கூர்மையா நிக்கும், நடந்துகிட்டே காட்டறவனுக்கு இதைவிட என்ன வேணும், ஆனா தெருவிளக்கு வெளிச்சத்துல படமே தெரியல, கதவுல சின்னதா ஒரு முகம் காட்டறதுக்கு ஓகே. 300 லூமனை 1.5 மீட்டர் அகலத்துக்கு விட்டா சுவத்துல சுமார் 235 லக்ஸ் (சதுர மீட்டருக்கு இத்தனை லூமன்ங்கற கணக்கு) விழும், அதையே 3 மீட்டர் ஆக்கினா பரப்பு நாலு மடங்கு, 60 லக்ஸ்கூட வராது. 100 லூமன்காரனுக்கு அதே 3 மீட்டர்ல 20 லக்ஸ்தான், சாம்பல் பூசின மாதிரி இருக்கும். அதனால பெருசா காட்டணும்கற ஆசையை விட்டுட்டு ரெண்டு மீட்டருக்குள்ள நிறுத்துங்க.

எங்க மாட்டறதுங்கறது தனிக் கூத்து. நெஞ்சுல கட்டினேன், மூச்சு விட விட படம் கப்பல்ல போற மாதிரி ஏறி இறங்குது. மூணு மீட்டர் தள்ளியிருக்கற சுவத்துல ஒரு டிகிரி சாஞ்சாலே படம் 5 சென்டிமீட்டர் நகரும், அப்புறம் ஏன் ஆடாது. இப்ப மோனோபாட் (கேமராவுக்கு வைக்கற ஒத்தைக் கால் ஸ்டாண்ட்) காலை இடுப்பு பெல்ட்ல சொருகி, அதோட தலையை தோள்பட்டை வாருல கட்டியிருக்கேன், பரவாயில்லை. கோணலான படத்தை நேராக்கற ஆட்டோ கீஸ்டோனை மறக்காம ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா நீங்க அசையும்போதெல்லாம் அது படத்தைத் திருத்தறேன் பேர்வழின்னு நடுவுல கிளம்பிடும்.

இனி பேட்டரி, நான் நிறைய திட்டு வாங்கினது இதுலதான். 20000 எம்ஏஎச் பவர் பேங்க்னா 74 வாட் அவர், வோல்டேஜ் மாத்தறதுல போறது போக 60 கைக்கு வரும், ப்ரொஜெக்டர் 35 வாட் இழுத்தா ஒண்ணே முக்கால் மணி நேரம் கணக்கு. எடை அரை கிலோகூட இல்ல. அதே அளவு சக்திக்கு 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி எடுத்தா கிட்டத்தட்ட ரெட்டிப்பு கனம், ஆனா சூடு தாங்கும், சீக்கிரம் தீப்பிடிக்காது, வருஷக்கணக்கா உழைக்கும். நம்ம ஊரு வேர்வையில முதுகோட ஒட்டிக் கிடக்கப் போற சாமானாச்சே, மனசு அதுலதான் இருக்கு, முதுகுதான் ஒத்துக்கல. ட்ரில் மெஷின் 18 வோல்ட் பேட்டரியும் பார்த்தேன், மலிவா வர்ற நிறைய அடாப்டர்ல சார்ஜ் ரொம்ப இறங்கும்போது நிறுத்தற வசதியே கிடையாது, செல்லைக் கொன்னுடும்.

பவர் பேங்க்ல ரெண்டு வில்லங்கம் இருக்கு. ஒண்ணு, ஒரு போர்ட் வேலை செய்யறப்போ இன்னொரு கேபிளைச் சொருகினா பல மாடல் ஒரு நொடி கரண்டைக் கட் பண்ணி, எத்தனை வோல்ட் கொடுக்கறதுன்னு திரும்பப் பேரம் பேசும், உள்ள பேட்டரி இல்லாத ப்ரொஜெக்டர்னா செத்து எழுந்திருக்கும். இன்னொண்ணு, ரேடியோ டிரான்ஸ்மிட்டர் இழுக்கறது சொற்பம், பவர் பேங்க் யாரும் இல்லைன்னு நினைச்சு தூங்கிடும். கேம்பல் லேன்ல நின்னு நான் பாட்டுக்கு மாட்டுக் கொட்டகைக் கதை சொல்லிக்கிட்டிருக்கேன், முன்னாடி நின்ன ஆண்ட்டி ரேடியோவைக் காதுக்கிட்ட தட்டித் தட்டிப் பார்த்துட்டு "தம்பி, உங்க வாய் அசையுது, சத்தம் வரலையே"ன்னாங்க. அன்னிக்கே டிரான்ஸ்மிட்டருக்குத் தனியா ஒரு 18650 செல் (விரல் மாதிரி இருக்கற லித்தியம் பேட்டரி) வச்சுட்டேன், பவர் பேங்க் போடற அந்த 'ஙொய்ங்' இரைச்சலும் அதோட போச்சு.

ரேடியோல நாலு வழி. வைஃபைல ராஸ்பெரி பைங்கற குட்டி கம்ப்யூட்டரை வச்சு ஸ்ட்ரீம் பண்ணா ஆளாளுக்கு சொந்த போன் போதும், ஆனா குரல் சில நொடி தாமதமா போகும், நான் அடுத்த படத்துக்குப் போயிருப்பேன், அவங்க காதுல பழைய படத்துக் கதை ஓடும். ப்ளூடூத் ஆராகாஸ்ட், அதாவது ஒரு இடத்துலருந்து பல பேர் காதுக்கு ஒரே நேரத்துல அனுப்பறது, 2022ல அறிவிச்சாங்க, காதுல மெஷின் வச்சிருக்கற பெரியவங்களுக்கு வரப்பிரசாதம், ஆனா என் கூட வர்றவங்ககிட்ட அந்த போனே இல்ல. டூர் கைடு செட், அதாவது கைடுக்கு மைக், வர்றவங்களுக்கு ரிசீவர்னு வர்ற செட், சுத்தமான சத்தம், விலைதான் கண்ணைக் கட்டுது.

எஃப்எம்ல தாமதமே கிடையாது, பாக்கெட் ரேடியோவும் மலிவு. நிறைய புது போன்ல எஃப்எம் இல்லாததால பதினஞ்சு ரேடியோவை நாமளே கையில கொடுக்கணும், அவ்வளவுதான் கஷ்டம். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் சிப்புக்கு Si4713ன்னு தேடுங்க, சிம் லிம் டவர் கடைகள்லயும் கேட்டுப் பாருங்க, அந்த சிப்பே எந்த அலைவரிசை காலியா இருக்குன்னு அளந்து சொல்லும். இங்க டயல்ல இடம் கிடைக்கறது குதிரைக் கொம்பு, 95.8, 96.3, நம்ம ஒலி 96.8, 97.2ன்னு நெருக்கியடிச்சு நிக்குது, போதாததுக்கு ஜொகூர் ஸ்டேஷனும் எட்டிப் பார்க்கும். ஆன்டெனா கால் அலைநீளம், அதாவது 75 சென்டிமீட்டர் வயர், பை வாரோட தச்சுட்டேன், உடம்பு கொஞ்சம் சிக்னலைக் குடிக்கும், பதினஞ்சு மீட்டர் போனா எனக்குப் போதும். ஆம்ப்ளிஃபயர் மாட்டி தூரத்தைக் கூட்டலாம்னு யோசிக்காதீங்க, ஐஎம்டிஏ (சிங்கப்பூர்ல அலைவரிசையைக் கண்காணிக்கற அரசு அமைப்பு) அனுமதிக்கற குறைந்த சக்தியைத் தாண்டினா லைசென்ஸ் விவகாரம். ராஸ்பெரி பை பின்னுல வயரைச் சொருகி எஃப்எம் விடற வித்தையும் வேண்டவே வேண்டாம், அது விடறது சதுர அலை, சம்பந்தமில்லாத அலைவரிசையிலெல்லாம் போய் குப்பை கொட்டும், 108 மெகாஹெர்ட்ஸ் தாண்டினா விமானக்காரங்க வழி பார்க்கற, பேசற இடம், சாங்கி ஏர்போர்ட்டை வச்சுக்கிட்டு அந்த விளையாட்டு எதுக்கு.

இப்ப என் மேல இருக்கறது கேப்சூல் 3 லேசர், ஒரு பவர் பேங்க், தனி செல்லோட எஃப்எம், எல்லாம் சேர்ந்து ரெண்டு கிலோவுக்குள்ள. போன வாரம் பாதியில மழை கொட்டிடுச்சு, எல்லாரும் ஷாப்ஹவுஸ் அஞ்சடி வழிக்குள்ள (கடை முன்னாடி கூரை போட்ட நடைபாதை) ஒதுங்கினோம், சுவத்துல இடமில்லாம படத்தை மேல்கூரையில அடிச்சேன், பதினஞ்சு பேரும் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்க, அவ்வளவு மழைச் சத்தத்துலயும் காதுல குரல் மட்டும் தெளிவா போச்சு.