கோர்ட் அனுப்பிய மனநல மதிப்பீடு: மதுரையில் எங்களுக்குக் கிடைத்த சேவை

பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கில், கோர்ட் சொன்னபடி மனநல மதிப்பீட்டுக்காக, காரைக்குடியிலிருந்து மகளையும் பேரனையும் மதுரையில் ஓர் உளவியலாளரிடம் அழைத்துப் போனேன். இப்படி நிபுணர் உதவியை நாட, 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கோர்ட்டுக்கு இடம் தருகிறது.

அந்த உளவியலாளரிடம் எனக்குப் பிடித்தது, முதல் பேச்சே. "நீங்க சொல்றது நமக்குள்ள நிக்காதும்மா, அறிக்கையா கோர்ட்டுக்குப் போகும்" என்றார். சிகிச்சைக்குப் போவதும் இதுவும் வேறு வேறு என்று மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. பேரனைத் தனியாக உட்காரவைத்து, "யாரைப் பிடிக்கும்?" என்று கேட்காமல் வீடு வரையச் சொன்னார். அவன் எங்கள் வீட்டு முகப்பை, இரண்டு திண்ணையோடு வரைந்தான். ஒன்றில் ஆத்தா, மற்றதில் அப்பா. அதை மட்டும் வைத்து அவர் எதையும் முடிவு கட்டவில்லை. மாப்பிள்ளையோடும் அவனைப் பேசவிட்டுக் கவனித்தார். பள்ளி ஆசிரியரிடமும் விசாரித்தார்.

காத்திருக்கும் இடம்தான் மோசம். வழக்காடும் இரு தரப்புக்கும் ஒரே பெஞ்சு! பிள்ளை நடுவில் தவித்துப்போனான். வேறு வேறு நேரம் கேட்டு வாங்குங்கள். உளவியலாளர், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். பிள்ளைக்குப் பதில் சொல்லிக்கொடுத்து மட்டும் அனுப்பாதீர்கள்.