கடற்கரையா, செட்டிநாட்டு வீடா, உங்கள் தெருவா? நிச்சயமான ஜோடிக்கு எந்த இடம்?

நிச்சயதார்த்தம் முடிந்ததும் சென்னை ஜோடிகளின் பேச்சில் அடிபடும் அவுட்டோர் போட்டோ ஷூட் இடங்களில் முன்னால் நிற்பவை இரண்டு: மாமல்லபுரம் கடற்கரை, காரைக்குடி வட்டாரத்துச் செட்டிநாட்டு வீடு. மூன்றாவதாக ஒன்றையும் நான் சேர்த்துச் சொல்வேன். அந்த இருவரும் பழகிய டீக்கடை, கல்லூரி வாசல், பஸ் ஸ்டாப், மொட்டைமாடி.

மாமல்லபுரத்துக்குப் பெரிய பலம் தூரம்தான். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஆனால் இது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழும், மறைவது ஊர்ப் பக்கம். கடலில் இறங்கும் சூரியனை மனதில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஜனவரியில் ஆறரை மணிவாக்கிலும் மே கடைசியில் ஐந்தே முக்கால் மணிவாக்கிலும் உதயம். அதன்பின் ஒரு மணி நேரத்துக்குள் வெயில் கடுமையாகத் தொடங்கிவிடும். அதற்காக நள்ளிரவு தாண்டி மேக்கப்புக்கு உட்கார்ந்த பெண்ணின் களைப்பு படத்தில் தெரியத்தான் செய்யும். கடற்கரைக் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், வளாகத்துக்குள் கல்யாண ஷூட் எடுக்க முன்அனுமதி வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது அழகான படம், சந்தேகமில்லை. ஆனால் முகத்தை மறைத்துவிட்டால் அது எந்த ஜோடியின் படமாகவும் இருக்கலாம். எனக்கு அதுதான் உறுத்தல்.

செட்டிநாட்டு வீட்டின் அருமை அதன் வெளிச்சத்தில் இருக்கிறது. நடு முற்றத்தில் இறங்கும் வெயில் சுவர்களில் பட்டுத் தாழ்வாரத்துக்குள் மென்மையாகப் பரவும். உச்சி வெயில் நேரத்தில்கூடத் தூணோரம் உட்கார வைத்து முகத்தை முற்றத்தின் பக்கம் திருப்பினால் போதும், வெளிச்சத்தை முகத்தில் திருப்பும் ரிஃப்ளெக்டர் அட்டையே வேண்டாம். முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், ஒரு நிலைக்குள் இன்னொரு நிலையாகச் சட்டம் தானாக அமையும். அவள் ஒரு வாசற்படியில், அவன் இரண்டு கட்டு தள்ளி. இருவருக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியே கதை சொல்லும். கவனிக்க வேண்டியது ஆத்தங்குடிக் கல் தரை: சிவப்புக் கல்லின் நிறம் வெள்ளை வேட்டியிலும் தாடையின் அடியிலும் ஏறும். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறமாக வரும், கையால் வைத்துக்கொள்வதே நல்லது. குறை என்று பார்த்தால் 400 கிலோமீட்டர் பயணம், வீட்டு வாடகை, தங்கும் செலவு.

சொந்தத் தெரு எடுப்பதற்கு மிகவும் கஷ்டமானது. பின்னணியில் ஒயரும் பேனரும் இருக்கும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும், ரயில் நிலையத்துக்குள் எடுக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும். லென்ஸும் இங்கே மாறுகிறது. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 85 எம்எம் லென்ஸ் போட்டு இருவரையும் நிமிர்த்திப் பிடித்த சட்டத்தில் முழு உருவமாக எடுக்க ஐந்து மீட்டர் பின்னால் போக வேண்டும். டீக்கடை முன்னால் அது நடுரோடு. 35 எம்எம் என்றால் இரண்டு மீட்டர் போதும், பாய்லரும் பெஞ்சும் கடைக்காரரும் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். ஆனால் அதே லென்ஸோடு முகத்துக்கு மிக அருகில் போகாதீர்கள், மூக்கு பெரிதாகத் தெரியும். இந்தச் சிரமத்துக்கெல்லாம் பலன் உண்டு. "இங்கதான் நீ அரை மணி நேரம் காக்க வச்ச" என்று அவள் சொல்லும்போது அவன் முகத்தில் வருவதை எந்தப் போஸாலும் வரவழைக்க முடியாது.

காதலித்து, வீட்டாரைச் சம்மதிக்க வைத்து நிச்சயம் செய்தவர்களுக்கு ஆகவே என் தேர்வு தெருதான். அவர்கள் கதை நடந்த இடத்துக்குக் கேமராதான் போக வேண்டும். பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம் என்றால் நிலைமை வேறு. இரண்டு மூன்று முறை சந்தித்தவர்களுக்குப் பழைய இடம் என்று எதுவும் இருக்காது. ஷூட் நடக்கும் அந்த நாளே அவர்கள் சேர்ந்து கழிக்கும் முதல் முழுநாளாக இருக்கலாம். அவர்களுக்குச் செட்டிநாட்டு வீடு. காலையில் எதுவும் எடுக்காமல் பேச விடுங்கள், பிறகு 85 எம்எம்மோடு தாழ்வாரத்தின் மறுகோடியில் நில்லுங்கள். கட்டிப்பிடிக்கச் சொல்லிக் கூச்சப்படுத்த வேண்டாம். மதியத்துக்குள் அவர்களாகவே பக்கத்தில் உட்காருவார்கள், அந்த மாற்றம்தான் ஆல்பம்.

கடற்கரைதான் வேண்டும் என்று மனதில் முடிவு செய்துவிட்டவர்கள், ஐப்பசி கார்த்திகை மழையைத் தவிர்த்துத் தை, மாசியில் போங்கள். முந்தின இரவே மாமல்லபுரத்தில் தங்கிவிடுங்கள். உடை ஒன்றே போதும், மாற்றுகிற நேரத்தில் வெளிச்சம் போய்விடும்.