மூன்று நியமனக் கடிதங்கள்: எந்தச் சலுகை நம்மோடு வரும்?

அண்ணன் மகள் கணக்கியல் டிப்ளோமா முடித்தவள். ஒரே மாதத்தில் மூன்று இடங்களிலிருந்து அவளுக்கு வேலைக் கடிதம் வந்தது. கொழும்பில் ஒரு நிறுவனம், நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், ஹட்டன் நகரில் ஒரு மொத்த வியாபார நிலையம். "சித்தப்பா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று மூன்றையும் என் முன்னே வைத்தாள். இரண்டு இரவுகள் அவற்றோடு உட்கார்ந்தேன்.

பார்த்தவுடன் ஆசை காட்டுவது கொழும்புதான். மாதம் 65,000 ரூபாய். சலுகைகளுக்கென்றே தனிப் பக்கம். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி (இரண்டும் சம்பளத்தின் ஒரு வீதமாக ஊழியர் பேரில் சேரும் சேமிப்பு), 14 நாள் வருடாந்த விடுமுறை, 84 நாள் மகப்பேற்று விடுமுறை என்று வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். இவையெல்லாம் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியவை. கடமையைக் கொடையாகக் காட்டுவது சரியில்லை. அந்தப் பக்கத்தில் உண்மையான சலுகை இரண்டே இரண்டு: மருத்துவக் காப்புறுதி, மேற்படிப்புப் பரீட்சைக் கட்டணத்தில் பாதி.

சம்பளத்தையும் பிரித்துப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 35,000தான். மீதி 30,000 வரவுப் படி, போக்குவரத்துப் படி, ஊக்கப் படி. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் வரவுப் படி போய்விடும். சேமலாப நிதியும் 35,000க்கு மட்டுமே கட்டுவார்களாம்.

ஹட்டன் கடிதம் ஒரே தாள். 48,000 ரூபாய், முழுவதும் அடிப்படைச் சம்பளம். காப்புறுதி இல்லை, சனிக்கிழமையும் மாலை வரை வேலை. ஆனால் கணக்கைப் பாருங்கள். முதலாளி சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். கொழும்பில் அது மாதம் 5,250 ரூபாய், ஹட்டனில் 7,200. பத்து வருடத்தில் விலகினால் கிடைக்கும் பணிக்கொடை, அதாவது சேவைக்காலப் பணம், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில், சம்பளம் உயராவிட்டாலும் கொழும்பில் 175,000, ஹட்டனில் 240,000. கொழும்பின் 65,000இல் போர்டிங் வாடகை, கடைச் சாப்பாடு, வீட்டுக்கு வந்துபோகும் செலவு எல்லாம் கழிய வேண்டும். ஹட்டனுக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம், கழிவது பஸ் காசு மட்டும்.

ஹோட்டலை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் விரும்பினார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, தங்குமிடம், சீருடை, 40,000 அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் சேவைக் கட்டணத்தில் பங்கு. ஏப்ரல் சீசனில் அந்தப் பங்கே சம்பளத்தை எட்டும் என்கிறார்கள். எட்டலாம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2020 பெருந்தொற்றிலும், 2022 நெருக்கடியிலும் வெறும் அறைகளைப் பூட்டிவைத்த ஹோட்டல்களில் எதைப் பங்கு போட்டிருப்பார்கள்?

என்னைத் தடுத்தது அதைவிட அந்தத் தங்குமிடம்தான். "வீடும் தருகிறார்கள்" என்று அண்ணன் சொன்னபோது எனக்குத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த வரிசை வீட்டு அறை, எங்கள் லயக் காம்பராதான் நினைவுக்கு வந்தது. நான்கு தலைமுறையாக நாம் வாழ்ந்தது வேலையோடு வந்த வீட்டில். வேலையை விட்டால் கூரையும் போய்விடும் என்ற பயத்தில் எத்தனை பேர் தோட்டத்தை விட்டு வெளியேறாமலே இருந்தார்கள்! சொந்தமாக வீடு கட்ட 7 பேர்ச் அளவுள்ள சிறு காணிக்கும் அதன் உறுதிப் பத்திரத்துக்கும் இன்றும் காத்திருக்கிறோம். முப்பத்தொரு வருடம் கொழுந்தெடுத்த அம்மா கடைசியில் கையோடு கொண்டுவந்தது சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் மட்டும். சேவைக்காலப் பணத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். தோட்ட நிர்வாகம் பதினான்கு மாதம் இழுத்தடித்தது. இருந்தும் அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டு அத்திவாரம் எழுந்தது. சேமலாப நிதி மீதியைப் பிணையாக வைத்து வீட்டுக் கடனும் எடுக்கலாம். அதனால்தான் இலவச அறையைவிட அடிப்படைச் சம்பளத்தைப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆகவே ஹோட்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்ற இரண்டில் முடிவு அவ்வளவு எளிதாக இல்லை. கொழும்பு தரும் பரீட்சைக் கட்டணமும் ஒருவகையில் அவளோடு போகும் சொத்து. படித்துப் பெற்ற தகுதியை எந்த முதலாளியும் திருப்பிக் கேட்க முடியாது. ஹட்டன் கடையில் அந்த வாய்ப்பு இல்லை. பணிக்கொடைச் சட்டம் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தும் என்பதால், அங்கே எத்தனை பேர் என்று விசாரிக்கச் சொன்னேன். களஞ்சியத்தையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர்.

மொத்தத் தொகை மாறாமல் அடிப்படைச் சம்பளத்தை 45,000 ஆக்கித் தர முடியுமா என்று கேட்டு, நேற்று கொழும்புக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். சம்மதித்தால் கொழும்புக்குப் போகட்டும், இல்லாவிட்டால் ஹட்டன் என்பது என் கருத்து. ஹட்டன் முதலாளி இருபத்தைந்தாம் திகதி வரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.