அம்மாவின் குரலை விழுங்கிய கேபிள்: போனை மிக்சரில் இணைக்கும் ஒயர் வாங்குவோர் கவனத்திற்கு

ஒரு முனையில் ஹெட்போனில் இருப்பது போன்ற 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் ஒரே ஒரு எக்ஸ்.எல்.ஆர். பின், அதாவது உள்ளே மூன்று சிறு பின்கள் கொண்ட மைக் ஒயர் முனை. மைக்செட்காரர்கள் இந்த இரண்டாவதைக் கேனான் பின் என்பார்கள். போனிலிருந்து மிக்சருக்கு, அதாவது மைக்செட்டில் பல ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டிக்கு, பாட்டு கொடுக்க இப்படியொரு கேபிளைக் கடையில் செய்து தந்தால், முனையைக் கழற்றி உள்ளே பார்க்காமல் வாங்காதீர்கள். நான் பார்க்காமல் வாங்கினேன். என் அக்கா அன்று அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அக்கா மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை நலங்கு. எங்கள் வீட்டில் நலங்குப் பாட்டு என்றால் அம்மாதான். அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. சமையலறையில் உட்கார்ந்து அவர் பாடியதை ஒருமுறை போனில் பதிந்து வைத்திருந்தேன். நான்கு நிமிடம் இருக்கும். பேத்தி மனையில் உட்காரும்போது மண்டபம் முழுக்க அந்தக் குரல் கேட்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

அதற்காகத்தான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் காரியத்தை விளக்கமாகச் சொன்னேன்: இந்தப் பக்கம் போன், அந்தப் பக்கம் மிக்சரின் மைக் உள்ளீடு. "ஸ்டுடியோ தரம் சார், சுத்தமான செம்பு" என்றார் கடைக்காரர். பத்து நிமிடத்தில் பற்றவைத்துக் கொடுத்தார். கம்பி இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். மூன்று பின்னுக்கும் மூன்று முறை பீப் ஒலித்தது. 650 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "வரி சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும், எதற்கு சார்?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் கேபிளைச் செருகிப் பாட்டை ஓடவிட்டால் சத்தமே இல்லை. மைக்செட் அண்ணன் ஒலியைக் கூட்டக் கூட்ட 'உம்' என்ற இரைச்சல்தான் பெருகியது. போன் திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "வேறு ஏதாவது போடுங்கள் தம்பி" என்றார். ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். வயலின் கேட்டது, தபேலா கேட்டது. பாடுகிறவரின் குரல் மட்டும் கிணற்றடியிலிருந்து வருவதுபோல எங்கோ கேட்டது. அவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போனின் ஸ்பீக்கர் அருகே மைக்கைப் பிடித்தார். அம்மாவின் குரல் தகரம்போலக் கரகரத்து வந்தது. அதற்குள் நலங்கு பாதி முடிந்திருந்தது.

ஊரிலிருந்து திரும்பியதும் முனைகளைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்டீரியோ பின்னின் நுனியில் இடது ஒலி, நடு வளையத்தில் வலது ஒலி, அடிப்பகுதியில் கிரவுண்ட். இவற்றில் நுனியை எக்ஸ்.எல்.ஆரின் 2-ஆம் பின்னுக்கும், வளையத்தை 3-ஆம் பின்னுக்கும், அடிப்பகுதியை 1-ஆம் பின்னுக்கும் கொடுத்திருந்தார்கள். மூன்று கம்பி, மூன்று பின். மல்டிமீட்டர் பீப் அடிக்காமல் என்ன செய்யும்? கம்பி அறுபடவில்லை என்பதைத்தான் அந்த பீப் சொல்கிறது. போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறதா என்று அதற்குத் தெரியாது.

மிக்சரின் மைக் உள்ளீடு, 2-ஆம் பின்னில் வருவதிலிருந்து 3-ஆம் பின்னில் வருவதைக் கழித்து, மிஞ்சுவதைத்தான் பெருக்குகிறது. மைக்கின் ஒலி இந்த இரண்டு கம்பியிலும் நேர்மாறாக வரும். நீளமான ஒயரில் வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி வரும். கழித்தால் இரைச்சல் ஒழியும், மைக்கின் ஒலி மிஞ்சும். மைக்குக்கு அருமையான ஏற்பாடு இது. போனின் ஸ்டீரியோ ஒலிக்கு இதுவே எமன். சினிமாப் பாட்டில் பாடகரின் குரல் இடதிலும் வலதிலும் பெரும்பாலும் சமமாக இருக்கும். அதனால் குரல் கழிந்து, ஓரங்களில் இருக்கும் கருவிகள் மட்டும் மிஞ்சும். என் பதிவோ மோனோ, இரண்டு பக்கமும் ஒன்றேதான். அம்மாவின் குரலை இரைச்சல் என்று எண்ணி மிக்சர் முழுக்கக் கழித்துவிட்டது.

இது அன்றே தெரிந்திருந்தால் அங்கேயே சரிசெய்திருக்கலாம். போன் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' பகுதியில் இடது-வலது சமநிலையை மாற்றும் கோடு ஒன்று உண்டு. அதை ஒரு பக்கத்துக்கு முழுக்கத் தள்ளிவிட்டால் ஒரு கம்பியில் மட்டும் ஒலி போகும். கழிக்க எதுவும் இருக்காது, குரல் வந்துவிடும். இப்படிப்பட்ட கேபிளோடு மண்டபத்தில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வேலை செய்ய மின்சாரம் தேவைப்படும் கன்டென்சர் வகை மைக்குக்காக மிக்சரில் ஃபேன்டம் என்ற 48 வோல்ட் சுவிட்ச் இருக்கும். அது போட்டிருந்தால் இதே கேபிள் வழியாக அந்த மின்சாரம் போனின் நுனிக்கும் வளையத்துக்கும் வந்து, ஒலிச்சுற்றையே பழுதாக்கக்கூடும். அன்று அந்த சுவிட்ச் அணைந்திருந்ததால் தப்பித்தேன்.

ஒயரின் கதை தனி. கத்தியால் கம்பியைச் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. மூன்று மீட்டர் ஒயரில் ஒலி இதனால் பெரிதாகக் கெட்டுவிடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் நாலு முறை மடக்கினால் முறியும். பூச்சு சுரண்டுப்பட்ட இடத்தில் ஈயம் பிடிக்காது. லேசாக இழுத்ததும் ஒரு பற்றவைப்பு கையோடு வந்துவிட்டது. சுற்றி வலையாகப் பின்னியிருக்க வேண்டிய கவசக் கம்பி, ஏழெட்டு இழையாகப் பேருக்கு ஓடியது. இரைச்சல் அவ்வளவு சுலபமாக உள்ளே புகுந்ததற்கு அதுவும் காரணம்.

கடைக்குத் திரும்பிப் போனேன். "மண்டபத்து மிக்சர் பழசாக இருக்கும் சார்" என்றார். கழற்றிய முனையைக் காட்டியதும், "கழற்றிவிட்டீர்களே, இனி வாங்க மாட்டோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததையும் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே குறிப்பிடுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் நான் வாங்கினேன் என்பதைக் காட்ட என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வரி சேர்ந்தாலும் பரவாயில்லை, பில்லை வாங்கிவிடுங்கள்.

பிறகு நானே செய்தேன். ஸ்டீரியோ பின்னின் நுனியிலிருந்து ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), வளையத்திலிருந்து இன்னொன்று. பழுப்பு, கறுப்பு, சிவப்புப் பட்டை போட்டவை. விலை ஒரு பொருட்டே இல்லை. இரண்டின் மறுமுனைகளையும் சேர்த்து எக்ஸ்.எல்.ஆரின் 2-ஆம் பின்னுக்குக் கொடுத்தேன். அடிப்பகுதியை 1-க்கும் 3-க்கும் சேர்த்துக் கொடுத்தேன். ரெசிஸ்டர் இல்லாமல் இடதையும் வலதையும் நேராக முறுக்கி இணைத்தால் போனின் இரண்டு வெளியீடுகளும் ஒன்றோடொன்று மோதும்; அது கூடாது. இந்தக் கேபிளுக்கும் 48 வோல்ட் ஆகாது, சுவிட்சை அணைத்த பிறகே செருக வேண்டும். மிக்சரில் மைக் அல்லாத கருவிகளுக்கான லைன் உள்ளீடு காலியாக இருந்தால் எக்ஸ்.எல்.ஆருக்குப் பதிலாக பி-38 எனப்படும் பெரிய 6.35 மி.மீ. மோனோ ஜாக் போடுவது இன்னும் பாதுகாப்பு.

முதல் முயற்சியில் பற்றவைப்புச் சூட்டில் சிறிய பின்னின் உள் பிளாஸ்டிக் இளகி, நுனியும் வளையமும் ஒட்டிக்கொண்டன. ஒட்டக்கூடாத இரண்டு முனைகளையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்ததால்தான் பிடிபட்டது. எந்தக் கேபிளையும் இப்படி, ஒயரை முனையருகே அசைத்துக்கொண்டே, சேர வேண்டியவை சேர்கின்றனவா, சேரக்கூடாதவை விலகியிருக்கின்றனவா என்று இரண்டையும் பாருங்கள். அதன்பின் உங்கள் பேச்சையே போனில் மோனோவாகப் பதிந்து மிக்சரில் கேளுங்கள். இந்தக் கோளாறு இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

போன வாரம் அந்தத் தெரு வழியாக நடந்தேன். கறுப்பு ஒயரும் வெள்ளி நிற முனையுமாக அதே கேபிள், அந்தக் கடை வாசலில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.